இறுகிப்போன தூண்டில் தடி: இழுப்பதா, குளிர்விப்பதா, ஊறவைப்பதா?

திருகோணமலை உள்துறைமுக வீதிக் கடற்சுவரில் மாலையில் நின்றால் இந்தக் காட்சியை அடிக்கடி காணலாம். பாரைக்கு எறிய வந்தவர் நூலைச் சுற்றி முடித்து, ரீலைக் கழற்றி வைத்துவிட்டு, பன்னிரண்டு அடித் தடியை இரண்டாகப் பிரிக்கப் பார்க்கிறார். பிரியவில்லை. உள்ளங்கைகளைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி இழுக்கிறார். பக்கத்தில் நின்றவர் மறுமுனையைப் பிடிக்கிறார். இருவரும் கயிறிழுப்புப் போல இழுக்கிறார்கள். கிண்ணியாவுக்குப் போகும் பஸ் தவறிவிடுமே என்ற பதற்றம் வேறு. கடைசியில் யாரோ ஒருவர் மோட்டார் சைக்கிள் இருக்கைக்குக் கீழிருந்து குறடு எடுத்து வருகிறார். அந்தக் குறட்டைக் கண்டதும் நான் எழுந்து அவர்களிடம் போய்விடுவேன். முன்பின் தெரியாதவர்களாக இருந்தாலும் போவேன். அப்படி ஒரு குறட்டால் நல்ல தடி ஒன்றை இழந்தவன் நான்.

திருகோணமலையில் பெரும்பாலானோர் கைத்தூண்டிலில் வளர்ந்தவர்கள். தங்கூசியும் ஈயமும் கொக்கியும் இருந்தால் போதும். தடி என்பது பிற்பாடு வந்த ஆசை. வெளிநாட்டிலிருக்கும் உறவினர் விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்து தந்ததாக இருக்கும், அல்லது மாதக்கணக்கில் சேமித்துக் கொழும்பில் வாங்கியதாக இருக்கும். அதன் மேல்துண்டு மட்டும் உடைந்தால் அதே துண்டை இங்கே எந்தக் கடையிலும் வாங்க முடியாது. ஆகவே இரு துண்டும் சேரும் மூட்டு இறுகிவிட்டால் அதை எந்த வழியில் கழற்றுவது என்பது சின்ன விடயமல்ல. தவறான வழியைத் தேர்ந்தால் போவது மூட்டு மட்டுமல்ல, முழுத் தடியும்தான்.

வழிகள் பல உண்டு. கடற்கரையில் கேட்டால் ஆளுக்கொரு வழியை ஆணையிட்டுச் சொல்வார்கள். ஒருவர் ஐஸ் என்பார், ஒருவர் சுடுநீர் என்பார், இன்னொருவர் மண்ணெண்ணெய் என்பார். அவரவர் தடிக்கு அவரவர் சொன்னது பலித்திருக்கும், பொய்யில்லை. ஆனால் பித்தளை மூட்டுக்குப் பலித்தது காபன் தடிக்குப் பலிக்காது. உப்பால் இறுகியதற்கு உதவுவது, எறிந்து எறிந்து இறுகியதற்கு உதவாது. எனவே வழிகளை ஒப்பிடுமுன், மூட்டைப் பிடித்து வைத்திருப்பது எது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, ஆப்புப் பிடி. ஒரு துண்டின் முனை மற்றதற்குள் செருகும். அந்த உள்முனை மேலே போகப் போகச் சற்றே மெலியும். அதை ஏற்கும் வெளிக்குழலின் உட்புறமும் அதே சரிவில் இருக்கும். லேத் வேலை செய்பவர்களுக்கு இது புதிதல்ல. துளைக்கருவியை மோர்ஸ் டேப்பர் என்னும் சரிவான துளையில் தட்டிச் செருகினால் ஆணியோ திருகோ இல்லாமல் அது நிற்கிறதே, அதே தத்துவம். ஒவ்வொரு எறிதலிலும் தடி வளைந்து நிமிரும்போது உள்முனை மயிரிழை அளவு உள்ளே ஏறுகிறது. நூறு தரம் எறிந்தால் நூறு மயிரிழை. காலையில் பூட்டிய தடி மாலையில் கழலாவிட்டால், மூட்டு பார்க்கச் சுத்தமாக இருந்தால், பெரும்பாலும் இதுதான்.

இரண்டாவது, உப்பும் மணலும். கடல்நீரில் லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. மூட்டின் இடுக்கில் புகுந்த நீர் காய்ந்ததும் அந்த உப்பு பளிங்காகி நிற்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் டச்சுக்குடாவில் நனைந்த தடி வீடு வந்து சேர்வதற்குள் காய்ந்துவிடும். அப்படியே மூட்டோடு விறாந்தை மூலையில் சாத்திவிட்டு ஒரு மாதம் கழித்துத் தொட்டால் பிடி விழுந்திருக்கும். மூட்டு விளிம்பில் வெள்ளைப் பொடி தெரியும்; சற்று அசைத்தால் மணல் நெரியும் ஓசை கேட்கும்.

மூன்றாவது, களிம்பு. பித்தளை அல்லது அலுமினிய மூட்டுள்ள பழைய பைபர் (கண்ணாடி இழை) தடிகளுக்கும் மூங்கில் தடிகளுக்கும் மட்டும் உரியது இது. பித்தளை பச்சையாகவும் அலுமினியம் வெண்மையாகவும் அரிக்கும். அரித்த உலோகம் முன்பிருந்ததைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால் இரண்டு குழல்களும் ஒன்றையொன்று நெருக்கிப் பிடிக்கும்.

இந்த மூன்றில் எது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதிக்கு வழி தேடுமுன் இன்னொரு தேர்வும் உண்டு, அதை யாரும் ஒரு தேர்வாகவே எண்ணுவதில்லை: இப்போதைக்குக் கழற்றாமல் விடுவது. இருட்டில், வியர்த்த கையோடு, பஸ்ஸுக்கு அவசரப்பட்டுக்கொண்டு செய்யும் வேலை அல்ல இது. பன்னிரண்டு அடித் தடி பஸ்ஸுக்குள் நுழையாதுதான். ஆனால் முச்சக்கர வண்டிக்கு ஒருநாள் காசு கொடுத்து, நுனியில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி, பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு வீடு போய்ச் சேரலாம். அல்லது அருகிலுள்ள மீன்வாடியில் ஒரு இரவுக்கு விட்டுவரலாம். எங்கள் கரையில் கேட்டால் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். மறுநாள் காலை வெளிச்சத்தில், உலர்ந்த கையோடு, துணைக்கு ஓர் ஆளை வைத்துக்கொண்டு செய்வது வேறு வேலை.

சரி, கழற்றுவது என்று முடிவாகிவிட்டது. இழுப்பதென்றால் கையில்தான் தொடங்க வேண்டும். ஆனால் எந்தக் கைமுறை?

கடற்சுவரில் நடக்கும் அந்தக் கயிறிழுப்பை நான் முற்றாக மறுக்கிறேன். ஆளுக்கொரு முனையில் நின்று இழுத்தால் இருவருடைய இழுப்பும் ஒரே கோட்டில் அமையாது. தடி வளையும். வளைந்த மூட்டு இன்னும் இறுகும். மெலிந்த மேல்துண்டுதான் அந்தப் பளுவைத் தாங்க வேண்டிவரும். எதிர்பாராமல் கழன்றுவிட்டால் இருவரும் பின்னால் சாய்வார்கள், கடற்சுவரின் மேல் நின்றால் நிலைமை என்னவென்று சொல்லத் தேவையில்லை. இதைவிட மோசம், பிடி வழுக்குகிறது என்று, நூல் ஓடும் வளையங்களைப் பிடித்து இழுப்பது. வளையம் தடியில் நூலாலும் பசையாலும் மட்டுமே நிற்கிறது. என் மருமகன் அப்படி ஒரு வளையத்தின் காலைப் பெயர்த்து எடுத்தான். மூட்டு அசையவே இல்லை.

இருவர் இருந்தால் செய்ய வேண்டியது இது. எதிரெதிரே நில்லுங்கள். தடி இருவருக்கும் நடுவே, நெஞ்சு உயரத்தில் கிடையாக இருக்கட்டும். ஒவ்வொருவரும் ஒரு கையை மூட்டின் இந்தப் பக்கத்திலும் மறுகையை அந்தப் பக்கத்திலும், மூட்டை ஒட்டியபடி வைக்க வேண்டும். ஆக மூட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு கைகள்: உங்களுடையது ஒன்று, துணையாளுடையது ஒன்று. எண்ணி மூன்று என்றதும் இருவரும் தத்தம் இரு கைகளையும் ஒன்றைவிட்டு ஒன்று விலகும்படி தள்ளுங்கள். இரண்டு பக்கமும் விசை சமமாக விழுவதால் தடி வளைய வழியில்லை. கழன்றாலும் கைகள் ஒரு முழம் விலகும், அவ்வளவுதான். யாரும் விழ மாட்டார்கள். இந்த ஒரு முறையே, என் அனுபவத்தில், ஆப்புப் பிடிகளில் பெரும்பாலானவற்றை முடித்துவிடுகிறது.

தனியாள் என்றால் முழங்கால் முறை. நாற்காலி விளிம்பில் இருப்பது போலக் குந்தி, தடியை முழங்கால்களின் பின்மடிப்புக்குள் குறுக்காக வைத்து, முழங்கால்களின் வெளிப்பக்கத்தில் இரு கைகளாலும் தடியை இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். மூட்டு நடுவில் வர வேண்டும். கைகள் பிடித்தபடியே இருக்கட்டும். முழங்கால்களை மெதுவாக அகட்டுங்கள். தொடையின் பலம் தோளின் பலத்தைவிடப் பெரிது. அந்தப் பலம் முழுவதும் கையை வெளிப்பக்கமாக, நேராகத் தள்ளும். இருவர் முறையா முழங்கால் முறையா என்று கேட்டால், நான் இருவர் முறையையே சொல்வேன், ஏனென்றால் முழங்கால் முறையில் மூட்டைக் கண்ணால் பார்க்க முடியாது. தடி சற்று வளைந்தாலும் தெரியாது. ஆனால் கிண்ணியாப் பாலத்தடியில் இரவில் தனியாக நிற்பவருக்கு இதுவே போதும்.

எந்த முறையானாலும் பிடி வழுக்கக் கூடாது. வழுக்கும்போது நாம் இன்னும் இறுக்கி அழுத்துகிறோம். காபன் குழல் மெல்லிய சுவருள்ளது; நீளவாக்கில் எவ்வளவு பலமோ, சுற்றிவளைத்து நெரிப்பதற்கு அவ்வளவு பலவீனம். இதற்கு நம் ஊரில் இலவச மருந்து இருக்கிறது: பழைய சைக்கிள் ரியூப். ஒரு சாண் நீளத்தில் இரண்டு துண்டு வெட்டி, நீளவாக்கில் பிளந்து, தடியைச் சுற்றிப் பிடித்தால் பாதி அழுத்தத்தில் இரண்டு மடங்கு பிடி கிடைக்கும். பாத்திரம் கழுவும் இறப்பர் கையுறையும் இதே வேலையைச் செய்யும். தூண்டில் பையில் இந்த இரண்டு ரியூப் துண்டுகள் இல்லாமல் நான் வெளியே போவதில்லை.

கைக்கு மேலே ஒரு படி கயிறு. திருக்கடலூரில் வள்ளத்துக்குக் கயிறு கட்டிப் பழகிய முதியவர் ஒருவர் எனக்குக் காட்டித்தந்தது. கயிற்றை வளையமாக முடிந்து, தடியைச் சுற்றி ஐந்தாறு தரம் அதற்குள்ளேயே நுழைத்தெடுத்தால், இழுக்க இழுக்க அது தடியை இறுகப் பிடிக்கும், விட்டால் தளரும். மூட்டின் இரு பக்கமும் அப்படி ஒவ்வொன்று போட்டு, கீழே ரியூப் சுற்றி, இருவர் தடியின் கோட்டிலேயே இழுக்க வேண்டும். பதினான்கு அடி எறிதடிகளின் தடித்த அடிமூட்டுக்கு இது உதவுகிறது, கையால் அந்தத் தடிப்பைச் சரியாகப் பற்ற முடிவதில்லை. ஆனால் இதைக் கைமுறைக்குச் சமமாக வைக்க என்னால் முடியாது. கயிறு தரும் பலம் அளவு மீறியது. இழுப்பவருக்கு எவ்வளவு இழுக்கிறோம் என்பது கையில் உணராது. மெல்லிய கயிறு ஒரே இடத்தில் கடித்துக் குழலை நெரிக்கவும் கூடும். கைமுறை இரண்டு நாள் தோற்ற பிறகு, தடித்த துண்டுக்கு மட்டும்.

திருகலாமா? இதில்தான் வாக்குவாதம் அதிகம். "திருகவே கூடாது" என்பவர்களும் இருக்கிறார்கள், "திருகினால்தான் வரும்" என்பவர்களும் இருக்கிறார்கள். நான் இரண்டு பேரோடும் முழுமையாக உடன்படவில்லை. பூட்டும்போது வளையங்களை நேர்க்கோட்டுக்குக் கொண்டுவரச் சிறிது திருகித்தானே பூட்டுகிறோம்? ஆகவே சுத்தமான காபன் மூட்டு ஆப்பாக இறுகியிருந்தால், இழுத்தபடியே விரலளவு திருப்புவதால் கேடில்லை. ஆனால் உள்ளே மணல் இருந்தால் திருகுவது அம்மியில் அரைப்பது போல. மூட்டின் இரு பரப்பும் கீறி, அடுத்த முறை தளர்ந்துவிடும். உலோக மூட்டில் திருகுவது அதைவிடப் பெரிய தவறு. அங்கே உலோகக் குழல் தடியோடு பசையால் ஒட்டப்பட்டிருக்கிறது. திருகினால் முதலில் விடுவது அந்தப் பசைதான். மூட்டு இறுகியபடியே இருக்கும், தடி உள்ளே சுழலும்.

இனி வெப்பமும் குளிரும். பலரும் முதலில் கை வைப்பது இதில், அதனால் சற்று நின்று பார்க்க வேண்டும். எண்ணம் எளிது: உள்ளே இருப்பதைச் சுருக்கு, வெளியே இருப்பதை விரி. பித்தளை ஒவ்வொரு செல்சியஸ் பாகைக்கும் தன் அளவில் பத்து இலட்சத்தில் 19 பங்கு விரியும். அலுமினியம் 23 பங்கு. 12 மில்லிமீற்றர் குறுக்களவுள்ள பித்தளை மூட்டில் உள்ளும் புறமும் 40 பாகை வேறுபட்டால் கிடைக்கும் இடைவெளி ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. தலைமயிரின் தடிப்பில் ஏழெட்டில் ஒன்று. கேட்கச் சிறிதுதான், ஆனால் சரிவான ஆப்பை விடுவிக்க அது போதும். காபன் நாரோ வெப்பத்துக்கு நீளவாக்கில் அசைவதே இல்லை எனலாம். அதைப் பிணைத்திருக்கும் பிசின் மட்டும் சற்று விரியும், சுருங்கும். ஆகவே உலோக மூட்டுக்கு இது முதல்தர வழி, காபனுக்குத் துணைவழி.

செய்யும் முறை: மீன்வாடியில் ஒரு பை உடைத்த ஐஸ் வாங்கி, மூட்டை நடுவில் வைத்துத் துவாயால் சுற்றி, கால் மணிநேரம் விடுங்கள். பிறகு துடைத்துவிட்டு, வெளிக்குழலின் மேல் மட்டும் வெதுவெதுப்பான நீரை ஊற்றி, ஐந்தாறு நொடிக்குள் இழுங்கள். உலோகம் சூட்டை வேகமாகக் கடத்தும், தாமதித்தால் உள்முனையும் சூடாகி, கிடைத்த இடைவெளி மூடிக்கொள்ளும். நீர் எவ்வளவு சூடாக இருக்கலாம்? கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளித்தவருக்கு அந்த அளவு தெரியும். தலையில் ஊற்றினால் உடம்பு தாங்கும் சூடு, 40 பாகையை அண்டியது. அதற்கு மேல் வேண்டாம். ஐஸின் குளிரிலிருந்து அந்தச் சூட்டுக்கு வந்தாலே நான் மேலே சொன்ன 40 பாகை வேறுபாடு கிடைத்துவிடுகிறது. கேத்தலில் கொதித்த நீரை நேரே ஊற்றுபவர்களைக் கண்டிருக்கிறேன். வளையங்களைப் பிடித்திருக்கும் பசை கொதிநீரில் இளகும், நுனி வளையத்தின் பசை அதற்கு முன்பே விட்டுவிடும். மெழுகுதிரிச் சுடரும் லைட்டரும் இன்னும் கொடிது: சூடு ஓரிடத்தில் குவிந்து, பிசின் கருகி, அந்த இடம் எப்போதைக்குமாகப் பலமிழக்கும்.

ஐஸும் சுடுநீரும் ஒன்றுக்கொன்று மாற்று என்று நினைப்பவர்களுக்கு: ஒன்றை மட்டுமே தேர வேண்டுமானால் ஐஸ். அதனால் எந்தத் தடிக்கும் எந்தக் கேடும் வராது.

உப்புப் பிடிக்கு இவை எதுவும் வேண்டாம். நன்னீரே போதும். ஒரு லீற்றர் நீர் முந்நூறு கிராமுக்கு மேல் உப்பைக் கரைத்துக்கொள்ளும்; மூட்டில் இருப்பதோ சிட்டிகை அளவு. தேவைப்படுவது நேரம்தான், இடுக்குக்குள் நீர் ஊர்ந்து போக வேண்டும். ஒரு வாளியில் மூட்டு மூழ்கும்படி சாய்த்து, அல்லது நனைத்த துவாயைச் சுற்றி அதன் மேல் பொலித்தீன் கட்டி, ஓர் இரவு விடுங்கள். காலையில் நீரை மாற்றி இன்னும் சில மணிநேரம். கரையோரக் கிணறுகள் பல உவர். அந்த நீரால் பயன் குறைவு. கந்தளாயிலிருந்து வரும் குழாய்நீரோ மழைநீரோ நல்லது. ஊறிய தடியை உடனே இழுக்காமல் வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்து, ரியூப் பிடித்து, இருவர் முறையில் விடுவியுங்கள். சவர்க்கார நீர் சேர்த்தால் உள்ளே ஊர்வது சற்று வேகமாகும். காபன் தடியில் ஆப்பா உப்பா என்று உறுதியாகத் தெரியாதபோதும் நான் ஊறவைப்பதையே முதலில் செய்வேன். வீணானால் ஓர் இரவு போகும், தடி போகாது.

எண்ணெயைப் பற்றி. துருநீக்கித் தெளிப்பான், மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய் என்று மூன்று பேச்சு இருக்கிறது. எல்லோருடைய கராச்சிலும் நிற்கும் டபிள்யூ.டி. 40 என்னும் தெளிப்பான் 1953இல் உருவானது. அதன் பெயரே நீரை விலக்குவது என்ற பொருளில் அமைந்தது. களிம்பேறிய பித்தளை மூட்டுக்கு அது சரியான தேர்வு. மூட்டு விளிம்பைச் சுற்றி விட்டு, தடியைச் செங்குத்தாக நிறுத்தி, இரண்டு இரவு கொடுக்க வேண்டும். இடுக்கு எந்தப் பக்கம் திறந்திருக்கிறதோ அந்தப் பக்கம் மேலே இருக்கட்டும். காபன் மூட்டுக்கு எண்ணெயை நான் கடைசியில்தான் எடுப்பேன். கழன்ற பிறகு உள்ளே ஒட்டிய எண்ணெயை முழுவதும் துடைக்காவிட்டால் அடுத்த எறிதலில் மேல்துண்டு ஈயத்தோடு சேர்ந்து கடலுக்குப் போகும். தேங்காய் எண்ணெய் எதற்கும் வேண்டாம், நாள்பட அது பிசுபிசுத்துப் பசையாகிவிடும்.

குறடு, பைப் ரென்ச், கிடுக்கி. நான் இழந்த தடியின் கதை இங்கேதான் வருகிறது. நல்ல காபன் தடி. துணி சுற்றித்தான் பிடித்தேன், இலேசாகத்தான் அழுத்தினேன், மூட்டும் கழன்றது. வெற்றி என்றே நினைத்தேன். இரண்டு வாரம் கழித்து மாபிள் கடற்கரையில் மூன்றாவது எறிதலில் அது மூட்டுக்கு மேலே நான்கு விரற்கடையில் நீளவாக்கில் பிளந்து போனது. குறடு இரண்டு புள்ளிகளில் அழுத்தியபோது உள்ளே விழுந்த விரிசல் வெளியே தெரியவில்லை. இதனால்தான் குறட்டை ஆபத்தான வழி என்று சொல்லி மற்ற வழிகளோடு ஒரு வரிசையில் வைக்க என் மனம் ஒப்பவில்லை. கழன்றது தெரியும், உடைந்தது தெரியாது.

ஒன்றுக்குள் ஒன்று நுழையும் மடக்குத் தடி வைத்திருப்பவர்களுக்குச் சிக்கல் தலைகீழானது: அங்கே வெளியே இழுக்கக் கூடாது, உள்ளே தள்ள வேண்டும். அடிமூடியைத் திருகிக் கழற்றி, இறுகிய மூட்டை நன்னீரில் ஊறவைத்து, மெல்லிய துண்டின் மேல்முனையை மரப்பலகையில் நேராக ஊன்றி, தடித்த துண்டைக் கையால் கீழே அழுத்துங்கள். அசையாவிட்டால் தடித்த துண்டை உள்ளங்கைகளுக்கிடையே உருட்டிச் சூடாக்கிவிட்டு மறுபடி. மணல்தான் இங்கே முக்கால்வாசிக் காரணம், ஆகவே ஊறவைப்பதைத் தவிர்க்க வேண்டாம்.

இத்தனையையும் வைத்துக்கொண்டு என் தேர்வைச் சொல்கிறேன். அன்றே இறுகிய காபன் தடிக்கு ரியூப்பும் இருவர் முறையும், வராவிட்டால் ஐஸ், அதன் பிறகு இழுத்தபடி விரலளவு திருப்பல். நாள்பட்டு உப்புப் படிந்த காபன் தடிக்கு முதலில் ஓர் இரவு நன்னீர், பிறகு அதே வரிசை. உலோக மூட்டுக்கு நன்னீர், இரண்டு இரவு தெளிப்பான், ஐஸ், கன்னியாச் சூட்டில் நீர், நேரான இழுப்பு, திருகல் மட்டும் அறவே இல்லை. செய்தாலும் பழையபடி திரும்பக்கூடியவை எல்லாம் முன்னால், செய்தால் திரும்பாதவை பின்னால். இந்த ஒழுங்கைத்தான் நான் கடற்சுவரில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கடைசியாகச் சொன்ன வரிசையை என் மாமாவின் தடியில்தான் கற்றுக்கொண்டேன். 1970களில் வாங்கிய பைபர் தடி, பித்தளை மூட்டு. போர்க்காலத்தில் கடலுக்குத் தடை இருந்த ஆண்டுகளில் அது பூட்டியபடியே வீட்டின் கூரை முகட்டில் கிடந்தது. மாமா போன பிறகு இறக்கி எடுத்தபோது மூட்டு விளிம்பு பச்சை பிடித்திருந்தது. வீட்டில் எல்லோரும் அறுத்து இரண்டாக்கிவிடச் சொன்னார்கள். நான் நீரில் வைத்தேன், அசையவில்லை. தெளிப்பான் விட்டு இரண்டு இரவு பொறுத்தேன். மூன்றாம் நாள் காலை ஐஸில் வைத்து, வெளிக்குழலில் வெந்நீர் ஊற்றி, என் தங்கையின் கணவரும் நானும் எதிரெதிரே நின்று விலக்கினோம். முதல் முறை இல்லை. இரண்டாம் முறை ஐஸ் வைத்தபோது "டொக்" என்று ஓர் ஓசை வந்தது, தடி இரண்டாக எங்கள் கைகளில் இருந்தது. மச்சான் சிறிது நேரம் எதுவும் பேசவில்லை. உள்ளே பச்சைப் பொடி. தேசிக்காய்ச் சாறு தொட்ட துணியால் தேய்த்து, உடனே நன்னீரால் கழுவி, காயவைத்தேன். கீழே பித்தளை மஞ்சளாக வந்தது.

இனி இறுகாமல் இருக்க: கடலிலிருந்து வந்த அன்றே கழற்றி, இரு முனைகளையும் குழாய்நீரால் கழுவித் துடைத்துவிடுங்கள். காபன் உள்முனையில் வெள்ளை மெழுகுதிரியை இரண்டு தரம் இழுத்து, துணியால் தேய்த்து மெல்லிய படலமாக்குங்கள். மெழுகு பிடியையும் கொடுக்கும், பிரியவும் விடும். தடித்துப் பூசினால் மணல் ஒட்டும். வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் பூட்டிய தடியை விடாதீர்கள். மெழுகு இளகி வழிந்து, ஆறும்போது மூட்டைப் பற்றிக்கொள்ளும். உள்முனை தனிக்குச்சியாகச் செருகப்பட்ட தடிகளில் இரு துண்டுகளுக்கும் நடுவே சில மில்லிமீற்றர் இடைவெளி தெரிவது இயல்பு. அதைக் குறை என்று எண்ணி அடித்து மூடுபவர்கள்தான் மறுநாள் குறடு தேடுகிறார்கள்.

மாமாவின் தடிக்கு மெழுகு பூசுவதில்லை. பித்தளைக்கு மெழுகு அழுக்கைத்தான் சேர்க்கும். உலர்ந்த துணியால் துடைத்து, இரண்டு துண்டாகவே முகட்டில் வைத்திருக்கிறேன்.